விரியும் அண்டமும் விடை தேடும் அறிஞரும்

இரவு வேளையில் சீனன்குடாவின் கரையில் நிற்பவருக்குத் திருக்கோணமலைத் துறைமுகத்தின் நீர்ப்பரப்பிலே பல விளக்குகள் தெரியும். சில மீன்பிடி வள்ளங்களின் விளக்குகள். சில நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுடையவை. எது அண்மையில் உள்ளது, எது தொலைவில் உள்ளது என்பதைக் கண்ணால் மட்டும் அறிந்துவிட இயலாது. அருகிலுள்ள சிறு விளக்கும் தொலைவிலுள்ள பெரு விளக்கும் ஒரே அளவாய் ஒளிரக்கூடும். ஆனால், ஒரு விளக்கின் இயல்பான ஒளி இவ்வளவு என்று முன்னரே தெரிந்திருந்தால், அது எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதைக் கொண்டு அதன் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். தொலைவு இருமடங்கானால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளி நான்கில் ஒரு பங்காகும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும்.

தொலைவை அறிய மற்றொரு வழியும் உண்டு. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் சீனன்குடாவின் காட்டிடையே ஏறத்தாழ நூறு நிற்கின்றன. அவை ஒரே அளவில் கட்டப்பட்டவை. ஆதலால் எது சிறிதாகத் தெரிகிறதோ அது தொலைவிலுள்ளது என்பதில் ஐயமில்லை. முதல் வழியில் ஒளி அளவுகோலாகிறது; இரண்டாம் வழியில் உருவம் அளவுகோலாகிறது.

இவ்விரு வழிகளும் எளியவை. எனினும், கணக்கிடுபவனுக்கு மூன்று ஐயங்கள் எழுதல் வேண்டும். விளக்கு உண்மையில் அவன் எண்ணியபடிதான் ஒளிர்கின்றதா? இடையிலே பனிமூட்டம் ஏதும் ஒளியை மறைக்கின்றதா? ஒளி கடந்துவரும் வெளியைப் பற்றி அவன் கொண்டுள்ள விதி சரியானதா? இம்மூன்று ஐயங்களையும் தீர்த்துக்கொள்ளாதவன் தொலைவை அறிந்தவன் ஆகமாட்டான். அண்டத்தை அளக்கும் வானியலாரும் இவ்விரு வழிகளையே கையாளுகின்றனர். இம்மூன்று ஐயங்களையே எதிர்நோக்குகின்றனர். அண்டத்தின் விரிவு விரைந்துகொண்டே செல்வது ஏன் என்னும் வினாவைச் சூழ்ந்து இன்று நடைபெறும் விவாதமெல்லாம் இவற்றில் அடங்கும் எனலாம்.

அண்டம் விரிகின்றது என்னும் கருத்துக்கு ஒரு நூற்றாண்டு வயதாகிவிட்டது. 1917ஆம் ஆண்டில் அல்பேட் ஐன்ஸ்டைன் தமது பொதுச் சார்புக் கொள்கையை அண்டம் முழுவதற்கும் பொருத்திப் பார்த்தார். பொருள்கள் ஒன்றையொன்று இழுப்பனவாதலால் அண்டம் அசையாது நிற்க இயலாது எனச் சமன்பாடு காட்டிற்று. அக்காலத்து அறிஞரோ அண்டம் நிலையானது என்றே நம்பியிருந்தனர். ஆகவே, இழுக்கும் ஈர்ப்பை எதிர்த்துத் தள்ளும் ஓர் உறுப்பை அவர் சமன்பாட்டிலே சேர்த்தார். அதற்கு அண்டவியல் மாறிலி என்று பெயர். 1922இல் உருசிய நாட்டுப் பிரீட்மனும், 1927இல் பெல்சிய நாட்டுக் குருவானவர் லெமைத்தரும் அண்டம் விரிவடையக் கூடும் எனக் கணித்துக் காட்டினர். 1929இல் அமெரிக்க வானியலார் எட்வின் ஹபிள், தொலைவு மிகுந்த விண்மீன் திரள்கள் அத்தொலைவுக்கு ஏற்ப மிகுந்த வேகத்துடன் விலகிச் செல்கின்றன என்பதை அளவையால் நிறுவினார். நிலையான அண்டத்துக்கெனச் சேர்த்த உறுப்புக்கு இனித் தேவையில்லை என்று கண்ட ஐன்ஸ்டைன், 1931இல் அதனைக் கைவிட்டார்.

அதன்பின் எஞ்சிய வினா ஒன்றே. மேல்நோக்கி எறிந்த கல் வரவர வேகம் குறைவது போன்று, அண்டத்தின் விரிவும் அதிலுள்ள பொருளின் ஈர்ப்பினால் வரவரத் தளர்தல் வேண்டும். அவ்வாறு தளரும் அளவு யாது? அதனை அறிய வேண்டுமாயின் மிகத் தொலைவிலும் தெரியக்கூடிய, இயல்பான ஒளி இவ்வளவு என்று தெரிந்த ஒரு விளக்கு வேண்டும்.

அத்தகைய விளக்கொன்றைப் பற்றிய அறிவுக்கு அடித்தளம் இட்டவர் தமிழர் ஒருவர். 1910இல் இலாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930ஆம் ஆண்டில் மேற்படிப்புக்காகக் கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றார். எரிபொருள் தீர்ந்து ஒடுங்கிய வெள்ளைக் குள்ள விண்மீன்கள் எவ்வளவு எடை வரை தம்மைத் தாமே தாங்கி நிற்கும் என்பதை அக்கடற்பயணத்தின்போதே அவர் கணக்கிட்டார். சூரியனின் எடையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கே அதன் எல்லை என்பது பின்னர் உறுதியாயிற்று. அக்கால வானியலில் பெரும்புகழ் பெற்றிருந்த எடிங்டன் 1935இல் அவையறிய இதனை மறுத்துரைத்தார். இளைஞரின் கணக்கே சரியென்பதைக் காலம் காட்டிற்று; 1983இல் நோபெல் பரிசும் அவரைத் தேடி வந்தது.

வெள்ளைக் குள்ள விண்மீன் ஒன்று அருகிலுள்ள மற்றொரு விண்மீனிடமிருந்து பொருளைப் பெற்று இவ்வெல்லையை அணுகுமாயின், முழுவதும் அணுக்கரு நெருப்பாகி வெடித்துச் சிதறும். இரு குள்ள விண்மீன்கள் ஒன்றோடொன்று கலந்து வெடிப்பதும் உண்டு. இவ்வகை வெடிப்பை ‘முதலாம் வகை ஏ’ சுப்பர்நோவா என்பர். சில வாரங்களுக்கு அது கோடிக்கணக்கான சூரியர்களின் ஒளியை உமிழும். ஒவ்வொரு வெடிப்பும் எத்துணை நாளில் மங்குகிறது என்பதைக் கொண்டு அதன் இயல்பான ஒளியைச் செவ்வையாக மதிப்பிடலாம். துறைமுகத்து வெளிச்சவீடு மாலுமிக்கு எப்படியோ, அண்டத்தை அளப்பவருக்கு இச் சுப்பர்நோவாவும் அப்படியே.

1998ஆம் ஆண்டில் இரு ஆய்வுக் குழுவினர் தனித்தனியே இவ்வெளிச்சவீடுகளைக் கொண்டு அண்டத்தை அளந்தனர். ஒன்று சோல் பேள்மட்டர் தலைமையிலானது. மற்றையது பிறையன் சிமித், அடம் றீஸ் ஆகியோர் முன்னின்று நடத்தியது. இரு குழுவினரும் விரிவின் தளர்ச்சியை அளக்கவே புறப்பட்டனர். ஆனால், தொலைவிலுள்ள சுப்பர்நோவாக்கள் எதிர்பார்த்த அளவினும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை மங்கித் தெரிந்தன. அவை கணித்த தொலைவுக்கும் அப்பால் சென்றுவிட்டன என்பது அதன் பொருள். அண்டத்தின் விரிவு தளரவில்லை. அதன் வேகம் கூடிக்கொண்டு வருகின்றது. பாடநூற் சொல்லால் கூறுவதாயின், அமர்முடுகலைத் தேடியவர் ஆர்முடுகலைக் கண்டனர். எறிந்த கல் ஓரளவு உயர்ந்தபின் மேன்மேலும் விரைந்து வானிலே மறைந்தது போன்ற விந்தை இது. இக்கண்டுபிடிப்புக்காக அம்மூவருக்கும் 2011இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

விரிவை விரைவுபடுத்தும் காரணத்துக்கு அறிஞர் ‘இருண்ட சக்தி’ என்று பெயரிட்டனர். அண்டத்தின் மொத்தப் பொருளிலும் சக்தியிலும் ஏறத்தாழ 68 விழுக்காடு அதுவே என்றும், 27 விழுக்காடு கண்ணுக்குப் புலனாகாத கரும்பொருள் என்றும், விண்மீன்களும் கோள்களும் உயிர்களும் ஆன சாதாரணப் பொருள் 5 விழுக்காடே என்றும் கணக்குகள் கூறுகின்றன. ஆயினும் ஒன்றுக்குப் பெயரிடுவது வேறு, அதனை விளக்குவது வேறு. இவ்வேறுபாட்டை உணர்த்தும் பழைய வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றிலே திருக்கோணமலைக்கும் ஓரிடம் உண்டு.

1871ஆம் ஆண்டு டிசெம்பர் 12ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் ஒன்று நிகழ்ந்தது. அதன் நிழல் தென்னிந்தியாவைக் கடந்து யாழ்ப்பாணத்தின் மீதும் திருக்கோணமலையின் மீதும் படர்ந்து சென்றது. அதனைக் காணப் பிரித்தானிய அரசு நோர்மன் லொக்கியர் தலைமையில் ஒரு குழுவை அனுப்பிற்று. அக்குழுவினர் மலையாளக் கரையிலுள்ள பேக்கல், புதுக்கோட்டை, யாழ்ப்பாணம், திருக்கோணமலை முதலிய இடங்களிற் பிரிந்து நின்று நோக்கினர். திருக்கோணமலையில் நிறமாலைக் கருவி கொண்டு சூரியனை ஆராய்ந்தவர் ஹென்றி நொட்டிட்ஜ் மோஸ்லி என்னும் இயற்கை அறிஞர். பின்னாளில் ‘சலஞ்சர்’ கப்பலிலே உலகக் கடல்களை ஆராயச் சென்று புகழ் பெற்றவரும் அவரே.

அவ்வேளையில் வானியலார் முன் இரு புதிர்கள் இருந்தன. 1868ஆம் ஆண்டு கிரகணத்தை ஒட்டிச் சூரியனின் ஒளியிலே மஞ்சள் நிறக் கோடு ஒன்று காணப்பட்டது. அக்காலத்து அறியப்பட்ட எந்த மூலகத்துக்கும் உரியதன்று அது. லொக்கியர் அதனைப் புதிய மூலகம் ஒன்றின் அடையாளமெனக் கொண்டார். அம்மூலகம் ஈலியம் எனப் பெயர் பெற்றது. 1869ஆம் ஆண்டு கிரகணத்தின்போது சூரியனைச் சூழ்ந்துள்ள ஒளிமகுடத்திலே பச்சை நிறக் கோடு ஒன்று காணப்பட்டது. அதுவும் அறிந்த எதற்கும் பொருந்தவில்லை. அதற்கும் ஒரு புதிய மூலகம் கற்பிக்கப்பட்டு, கொரோனியம் என்ற பெயர் சூட்டப்பட்டது. இரண்டு கோடுகள், இரண்டு பெயர்கள். நியாயமும் இரண்டிடத்தும் ஒன்றே.

முடிவுகளோ வேறாயின. 1895இல் வில்லியம் றாம்சே யுரேனியம் கலந்த கனியம் ஒன்றிலிருந்து ஈலியத்தைப் பூமியிலேயே பிரித்தெடுத்தார். லொக்கியரின் ஊகம் மெய்யாயிற்று. கொரோனியத்தின் கதை அவ்வாறு முடியவில்லை. திருக்கோணமலையில் நின்று கிரகணத்தை நோக்கிய மோஸ்லியின் புதல்வர் ஹென்றி மோஸ்லி, தந்தை இறந்தபோது நான்கு வயதும் நிரம்பாத குழந்தை. அவரே 1913இலும் 1914இலும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு ஒவ்வொரு மூலகத்துக்கும் உரிய அணுவெண்ணை வரிசைப்படுத்திக் காட்டினார். அவ்வரிசையிலே காலியாய் இருந்த இடங்கள் மிகச் சிலவே. கொரோனியம் வந்து அமர்வதற்கேற்ற இடம் அவற்றுள் இல்லை. அவ்விளைஞர் 1915இல் கலிப்போலிப் போர்க்களத்தில் மாண்டார். 1939இல் குறொத்திரியன் தொடங்கிவைத்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து, 1940களின் முற்பகுதியில் சுவீடன் நாட்டு எட்லேன் உண்மையை வெளிப்படுத்தினார். பச்சைக் கோட்டை உண்டாக்குவது புதிய பொருளன்று, இரும்பே! பத்து இலட்சம் பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்திலே பதின்மூன்று இலத்திரன்களை இழந்துவிட்ட இரும்பு அது. பழகிய பொருள் பழகாத நிலையில் நின்றதால் அடையாளம் மாறித் தோன்றிற்று.

மூன்றாவதாகவும் ஓர் உதாரணம் உண்டு. புதன் கோளின் பாதை நியூட்டனின் கணக்கிலிருந்து நூற்றாண்டுக்கு 43 விகலை வேறுபட்டது. முன்னர் யுரேனசுக் கோளின் பாதைப் பிழையைக் கொண்டு நெப்தியூனைக் கணித்துப் புகழ்பெற்ற லெவரியே, இங்கும் காணப்படாத கோள் ஒன்று இருத்தல் வேண்டும் என 1859இல் கூறினார். வல்கன் எனப் பெயரிட்டு அதனை அறிஞர் நெடுங்காலம் தேடினர், கண்டாரில்லை. 1915இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விதியையே திருத்தி எழுதியபோது, கோள் எதுவும் இன்றியே கணக்குச் சரியாயிற்று.

ஆகவே, வானம் எதிர்பாராத ஒன்றைக் காட்டும்போது விடை மூன்று வகையாய் அமையலாம். ஈலியத்தைப் போலப் புதிய பொருள் ஒன்று உண்மையாகவே இருக்கலாம். வல்கனைப் போலப் பொருள் ஏதுமின்றி விதியே திருந்தவேண்டியிருக்கலாம். கொரோனியத்தைப் போலக் கண்டதற்கு அறிஞர் கொண்ட பொருளே தவறாயிருக்கலாம். இருண்ட சக்தி இம்மூன்றில் எவ்வகை என்பதே வினா.

முதல் வகை விடைகளுள் தலையாயது அண்டவியல் மாறிலி. ஐன்ஸ்டைன் கைவிட்ட உறுப்பே பல ஆண்டுகளின் பின் மீண்டும் வந்து சேர்ந்தது. வெற்றிடம் என்பது உண்மையில் வெறுமையன்று. அதற்கும் தனக்கே உரிய சக்தி உண்டு என்பது இவ்விடையின் சாரம். ஒரு கன மீற்றர் வெளியிலுள்ள அச்சக்தியின் எடை மூன்று நான்கு ஐதரசன் அணுக்களின் எடைக்கே ஒப்பாகும். ஆயினும் அண்டம் விரிய விரியப் பொருள் நெகிழ்ந்து ஐதாகின்றது. வெற்றிடத்தின் சக்தியோ ஐதாவதில்லை. தொடக்கத்திலே பொருளின் ஈர்ப்பு மேலோங்கியிருந்தது. ஏறத்தாழ 500 அல்லது 600 கோடி ஆண்டுகளுக்கு முன் தள்ளும் வலிமை மேலோங்கியது. ஒரேயொரு எண்ணைக் கொண்டு பலவகை அளவைகளையும் விளக்கிவிடும் எளிமை இதன் சிறப்பு. குறையும் உண்டு. வெற்றிடத்தின் சக்தி எவ்வளவென்று அணுவியல் விதிகளைக் கொண்டு நேரே மதிப்பிட முயன்றால், ஒன்றுக்குப் பின் ஏறத்தாழ 120 சுழியங்கள் இட்ட எண்ணளவு மடங்கு மிகையான விடை வருகின்றது. அறிவியலில் கணக்குக்கும் காட்சிக்கும் இடையே இதனினும் பெரிய பொருத்தமின்மை இல்லை எனலாம்.

திருவனந்தபுரத்திற் பிறந்து பூனாவில் ஆய்வு நடத்தி 2021இல் மறைந்த தாணு பத்மநாபன் இக்குறையை நீக்க வேறொரு வழியை நாடினார். வெப்பம் என்பது எண்ணற்ற மூலக்கூறுகளின் கூட்டியக்கத்தால் தோன்றுவது. அதுபோன்று ஈர்ப்பும், வெளியின் நுண்ணிய உறுப்புகளின் கூட்டு நடத்தையால் தோன்றுவதெனக் கொண்டால், வெற்றிடத்தின் பெருஞ்சக்தி ஈர்ப்பிலே ஏன் வெளிப்படவில்லை என்பதற்கு விடை கிடைக்கும் என்பது அவர் கருத்து. அக்கருத்து இன்னும் ஆராயப்படும் நிலையிலேயே உள்ளது.

தள்ளும் சக்தி மாறாத ஒன்றாய் இராது, காலத்தோடு மெல்ல மாறுவதாயும் இருக்கலாம். இத்தகைய மாறும் புலம் ஒன்றைப் பற்றி 1988இலேயே பாரத் ராத்ராவும் ஜேம்ஸ் பீபிள்சும் எழுதினர். பஞ்சபூதம் என்னும் கருத்தை அறிந்த தமிழருக்கு இதற்குப் பின்னர் இடப்பட்ட பெயர் விளங்க அரிதன்று. கிரேக்கர் நான்கு பூதங்களோடு ஐந்தாவதாகச் சேர்த்த விண்பொருளின் பெயரால் இதனைக் ‘குவின்ரெசென்ஸ்’ என்கின்றனர். மாறிலியா, மாறுவதா என்பதை அறியக் காலத்தின் பல நிலைகளில் அண்டத்தின் அளவை எடுத்தல் வேண்டும். அதற்கு உதவுவது முன்னர்க் கூறிய இரண்டாம் வழி. அண்டத்தின் இளமையில் எழுந்த ஒலியலைகள் விண்மீன் திரள்களின் பரம்பலிலே ஏறத்தாழ 50 கோடி ஒளியாண்டு அகலமான தடத்தைப் பதித்துள்ளன. எண்ணெய்த் தாங்கிகளின் ஒத்த உருவம் போன்று, இத்தடமும் எங்கும் ஒரே அளவுடையது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள ‘டெசி’ என்னும் கருவி ஒரே வேளையில் 5,000 விண்பொருள்களின் ஒளியைப் பகுத்து, ஒரு கோடிக்கு மேற்பட்ட திரள்களை இவ்வாறு அளந்துள்ளது. 2024இலும் 2025இலும் வெளியான அதன் முடிவுகளைப் பிற அளவைகளோடு சேர்த்து நோக்கும்போது, இருண்ட சக்தி முன்னையினும் தளர்ந்து வருகின்றதோ என்னும் குறிப்புத் தோன்றுகின்றது. ஆயினும் கண்டுபிடிப்பு என ஏற்பதற்குப் பௌதிகவியலார் வகுத்துள்ள உறுதியின் அளவை அது 2025 வரையில் எட்டவில்லை.

இரண்டாம் வகையினர் வல்கனை நினைவூட்டுவர். இருண்ட சக்தி என ஒன்றும் இல்லை. மிகப் பெரும் தொலைவுகளிலே ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு விதியே மாறுபடுகின்றது என்பது அவர் வாதம். நியூட்டனுக்கு நேர்ந்தது ஐன்ஸ்டைனுக்கு நேராது என்று யார் கூறவல்லார்? இவ்வாதத்துக்கு 2017ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17ஆம் நாள் ஒரு கடுஞ்சோதனை வாய்த்தது. ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரு நியூத்திரன் விண்மீன்கள் மோதின. அதில் எழுந்த ஈர்ப்பு அலையும் காமாக் கதிரும் 13 கோடி ஆண்டு பயணித்து, 1.7 செக்கன் இடைவெளியிலே பூமியை அடைந்தன. ஈர்ப்பு அலையின் வேகமும் ஒளியின் வேகமும் ஒன்றே என்பது இதனால் உறுதியாயிற்று. அவ்விரு வேகங்களும் வேறுபடும் எனக் கூறிய ஈர்ப்புக் கொள்கைகள் பல அந்த ஒரே நாளில் வீழ்ந்தன. எஞ்சியவை சில உண்டு; அவை இனி வரும் சோதனைகளைத் தாங்குதல் வேண்டும்.

மூன்றாம் வகையினர் அளவையையே ஐயுறுபவர். கணக்கிடுபவனுக்கு எழவேண்டிய ஐயங்களுள் பனிமூட்டம் ஒன்றன்றோ? அண்மையில், 2025இல், மறைந்த ஜயந்த் நாரளீக்கரும் அவரோடு இணைந்தோரும் அவ்வையத்தையே எழுப்பினர். விண்மீன் வெடிப்புகளில் வெளிப்படும் உலோக ஆவி குளிர்ந்து ஊசி போன்ற நுண்துகள்களாகி, திரள்களுக்கு இடையே பரவி ஒளியை மறைக்கலாம் என்றனர். சாதாரணத் தூசு ஒளியை மங்கச் செய்வதோடு சிவக்கவும் செய்யும். இவ்வூசிகளோ நிறத்தை மாற்றாது மங்கச் செய்யும். ஆதலால் எளிதிற் பிடிபடா. இதனைச் சோதிக்கவும் வழியிருந்தது. பனிமூட்டமே காரணமாயின், தொலைவு கூடக்கூட விளக்கு மேன்மேலும் மிகையாக மங்குதல் வேண்டும். ஹபிள் தொலைநோக்கி கொண்டு மிகத் தொலைவிலுள்ள சுப்பர்நோவாக்களை 2001இலும் 2004இலும் ஆராய்ந்தபோது, அவை அவ்வாறு மங்கவில்லை. பழங்காலத்தில் விரிவு தளர்ந்து, பின்னரே விரைந்தது என்னும் கணக்குக்கே அவை பொருந்தின. ஐயம் நியாயமானது, விடையும் தெளிவானது.

ஐயம் இத்தோடு ஓயவில்லை. அண்டத்தில் பொருள் எங்கும் சீராய்ப் பரவவில்லை. திரள்கள் செறிந்த இடமும் உண்டு, வெறுமையான பெருவெளியும் உண்டு. ஈர்ப்பு மிகுந்த இடத்திலே கடிகாரம் மெல்ல ஓடும் என்பது சார்புக் கொள்கையின் முடிபு. ஆதலால் வெறுவெளியிற் கழிந்த காலம், திரள்களிற் கழிந்த காலத்தினும் மிகுதி. இவ்வேறுபாட்டைக் கருதாது அளப்பதே ஆர்முடுகல் என்னும் தோற்றத்தைத் தருகின்றது என்கின்றார் நியூசிலாந்தைச் சேர்ந்த டேவிட் வில்ற்சயர். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்துச் சுபீர் சர்க்காரும் அவரது குழுவினரும், இந்த ஆர்முடுகல் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லை. பூமியை உள்ளிட்ட திரளின் ஓட்டத்தால் விளைந்த தோற்றமாய் அது இருக்கலாம் என 2019இல் எழுதினர். தென்கொரிய ஆய்வாளர் சிலர் 2025இல் விளக்கையே ஐயுற்றனர். இளமையான விண்மீன்கள் வெடிப்பதற்கும் முதிர்ந்தவை வெடிப்பதற்கும் ஒளியிலே வேறுபாடு உண்டு. அதனைத் திருத்தினால் முடிவும் மாறும் என்பது அவர் கூற்று.

இவற்றுக்கெல்லாம் பெரும்பாலான வானியலார் கூறும் மறுமொழி ஒன்றுண்டு. ஆர்முடுகலுக்குச் சாட்சி சுப்பர்நோவா மட்டுமன்று. 1965இல் கண்டறியப்பட்ட அண்டத்தின் தொன்மையான வெப்பக் கதிர்வீச்சு ஒரு சாட்சி. திரள்களிற் பதிந்த ஒலியலைத் தடம் மற்றொரு சாட்சி. ஒருவரையொருவர் அறியாத மூவர் ஒரே செய்தியைக் கூறுவராயின், மூவரும் ஒருங்கே தவறினர் எனக் கொள்வது எளிதன்று. இம்மறுமொழி வலியது. எனினும், மூன்று சாட்சிகளின் சொல்லையும் சீரான அண்டம் என்னும் ஒரே அகராதி கொண்டே பொருள்கொள்கின்றனர் என்று ஐயுறுபவர் திரும்பக் கேட்கின்றனர். வழக்கு இவ்வாறு நடைபெற்று வருகின்றது.

இதிலே எத்தரப்பு வெல்லுமென்பது ஏட்டுக் கணக்கோடு முடியும் செய்தியன்று. அண்டத்தின் கதியே அதிற் பிணைந்துள்ளது. மாறிலியே உண்மையாயின், அயலிலுள்ள சில திரள்கள் தவிர ஏனையவெல்லாம் காலப்போக்கில் பார்வைக்கு எட்டாது மறைந்துவிடும். பல ஆயிரம் கோடி ஆண்டுகளின் பின் தோன்றும் வானியலார், அண்டம் விரிகின்றது என்பதற்கே சான்று காணமாட்டார். தள்ளும் வலிமை வளர்வதாயின் திரள்களும் விண்மீன்களும் ஈற்றில் அணுக்களும் கிழிபடலாம். தளர்வதாயின் விரிவு மெலியலாம். மீண்டும் ஒடுங்கவும் கூடும். இம்மூன்று முடிவுகளுக்கும் இடையே தீர்ப்புக் கூறும் அளவு, தொலைவிலுள்ள ஒரு விளக்கின் ஒளி நூற்றில் ஓரிரு பங்கு கூடியதா குறைந்ததா என்பதிலே தங்கியிருக்கிறது.

ஆதலாலேதான் அளவைகள் ஓயாது நடைபெறுகின்றன. ஐரோப்பிய நாடுகள் 2023இல் விண்ணுக்கு அனுப்பிய ‘யூக்ளிட்’ தொலைநோக்கியும், சிலி நாட்டு மலையுச்சியில் 2025இல் முதற் படங்களை வெளியிட்ட ‘வெரா ரூபின்’ வானாய்வகமும் இவ்வினாவை முன்வைத்தே எழுந்தவை. முன்னர் நூற்றுக்கணக்கில் எண்ணப்பட்ட சுப்பர்நோவாக்களை இனி இலட்சக்கணக்கில் எண்ணுவதே அவற்றின் நோக்கங்களுள் ஒன்று. விளக்குகள் பெருகும்போது விளக்கின் குறையும் தெரியும், பனிமூட்டமும் தெரியும், விதியின் பிழை இருப்பின் அதுவும் தெரியும்.

கொரோனியம் என்ற பெயர் நெடுங்காலம் வழக்கிலிருந்தது. அப்பெயரை வழங்கியவர் அறிவிலிகள் அல்லர்; தாம் கண்ட பச்சைக் கோட்டை உண்மையாகவே கண்டவர்கள். கோடு பொய்க்கவில்லை, பெயரே பொய்த்தது. ஈலியத்திலோ கோடும் மெய், பெயரும் மெய். இருண்ட சக்தி என்னும் பெயர் வழக்கிற்கு வந்து கால் நூற்றாண்டுக்குச் சற்று மேலாகிறது. தொலைவிலுள்ள விளக்குகள் மங்கித் தெரிவது உண்மை. அதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அப்பெயர் ஈலியத்தின் வழிச் செல்லுமா, கொரோனியத்தின் வழிச் செல்லுமா என்பதை இனி வரும் அளவைகளே கூறும். அதுவரையில் பெயரைப் பெயராகவும், அளவையை அளவையாகவும் வேறு பிரித்துக் காப்பதே அறிவுடைமையாகும்.